மடத்தடி மாமா பதில்கள்: சுரங்கம் வாங்கும் கோட்டுக்காரர்

உயர்தரப் பெறுபேறு வந்தாலும் வந்தது, தபாற்பை முழுக்கச் சட்டம் படிக்கிற ஆசை. அதிலும் சுரங்கக் கம்பனிகளை இணைத்துவைக்கும் சட்டத்தரணி வேலை பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழில் மாம்பழ அணிலுக்கும் மைத்துனர் சண்டைக்கும் விடுமுறை. வழக்கம்போல ஊரை மட்டும் போடுகிறேன். பெயரைப் போட்டால் கலியாணப் பேச்சு குழம்பும் என்று கெஞ்சியிருக்கிறீர்கள்.

உயர்தர மாணவி, உடுவில்

கே: மாமா, சுரங்கக் கம்பனிகள் இணையும்போது ஆலோசனை சொல்லும் சட்டத்தரணியாக வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். மருதனார்மடத்துப் பக்கம் பிறந்தவளுக்கு இதெல்லாம் நடக்குமா?

ப: சிரிக்கிறவர்களை மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி வாசல் வரை கூட்டிவா பிள்ளை. 1913இல் அதை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். அவருடைய தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி, இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரான முதல் இந்து.

அந்த மாமனின் மகன்தான் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் சிலைக்கு விளக்கம் எழுதியவர் என்றே எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவைத் துறையின் முதல் பணிப்பாளர். தோரியனைற் என்ற கனிமத்தின் கதையில் அவர் பெயர் உண்டு.

சட்டமும் சுரங்கமும் அந்த வீட்டில் மச்சான்மார். உன் வீட்டில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், இணுவில்

கே: இணைப்பு என்கிறார்கள், கையகப்படுத்தல் என்கிறார்கள். வித்தியாசம் என்ன?

ப: அறிவிக்கிற அன்று இணைப்பு. ஆறு மாதம் கழித்து யாருடைய கதிரையைக் காணவில்லை என்று பார்த்தால் கையகப்படுத்தல்.

கிளென்கோர், எக்ஸ்ட்ராட்டா என்ற சுவிஸ் சுரங்கக் கம்பனிகள் இரண்டும் 2012இல் 'சமமானவர்களின் இணைப்பு' என்று மேடை ஏறின. எக்ஸ்ட்ராட்டாவின் மிக் டேவிஸ்தான் தலைமை நிர்வாகி என்று பேச்சு. 2013 மே மாதம் காரியம் முடிந்தபோது டேவிஸ் வெளியே, கிளென்கோரின் ஐவன் கிளாசன்பர்க் உள்ளே. அடுத்த வருடம் பெயர்ப்பலகையில் இருந்து எக்ஸ்ட்ராட்டாவும் வெளியே.

புதுமாப்பிள்ளை, தாவடி

கே: கலியாணத்தோடு ஒப்பிட்டு விளக்குங்களேன்.

ப: மாட்டேன். கம்பனிக்காரர் ஐந்தொகையைக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்பார்கள்.

சட்டபீட மாணவன், திருநெல்வேலி

கே: இந்த வேலையில் காலை முதல் இரவு வரை உண்மையில் என்ன செய்வார்கள்?

ப: வாசிப்பார்கள், தம்பி. விற்கிறவர் தன் பத்திரம் பதிவு எல்லாவற்றையும் கணினியில் ஒரு பூட்டிய இடத்தில் போட்டுத் திறப்பைத் தருவார். அதற்குப் பெயர் டேட்டா ரூம். உரிமங்கள், காணி உறுதிகள், குத்தகைகள், தண்ணீர் அனுமதி, தொழிற்சங்க உடன்பாடு, நிலுவை வழக்கு என்று ஆயிரக்கணக்கில் கிடக்கும்.

உரிமம் எந்தத் திகதியில் முடிகிறது? எல்லைப் புள்ளிகள் வரைபடத்தோடு ஒத்துப்போகின்றனவா? கம்பனி கைமாறினால் இந்த ஒப்பந்தம் செல்லாது என்ற வசனம் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது? இதைத் தேடுவதுதான் டியூ டிலிஜென்ஸ்.

சினிமாவில் மேசையில் அடித்து முழங்குகிறார்களே, அது நடக்காது. இரவு இரண்டு மணி, ஆறிப்போன தேநீர், பதினான்காம் பின்னிணைப்பின் அடிக்குறிப்பு. உனக்கு அடிக்குறிப்பு பிடிக்குமா? அப்படியென்றால் வா.

வெங்காயச் செய்கையாளர், ஏழாலை

கே: என் காணிக்குக் கீழே கனிமம் கிடந்தால் அது எனக்குத்தானே?

ப: 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டத்தைப் புரட்டினேன். காணி யாருடையதாக இருந்தாலும் கனிமம் குடியரசுக்குச் சொந்தம். மேலே வெங்காயம் உங்களுடையது, கீழே கனிமம் அரசுடையது, நடுவில் கிணறு. சண்டை எப்போதும் அந்த நடுவில்தான்.

மீனவர் சங்கத்தார், பேசாலை

கே: மன்னார் மணலுக்கு அவுஸ்திரேலியக் கம்பனி எப்படி வந்தது? எங்களிடம் ஒருவரும் விற்பனைக்கு வந்ததாகச் சொல்லவில்லையே?

ப: இதுதான் இந்தத் தொழிலின் உள்வீட்டு வித்தை. கவனமாகக் கேளுங்கள்.

சுரங்க உரிமம் கடைச் சரக்கு அல்ல. பெரும்பாலான நாடுகளில் அரசைக் கேட்காமல் அதை இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பது கடினம். ஆகவே கெட்டிக்காரச் சட்டத்தரணி உரிமத்தைத் தொடுவதில்லை. உரிமம் வைத்திருக்கும் கம்பனியை வாங்குவார். அதற்கும் மேலே, அந்தக் கம்பனியின் தாய்க் கம்பனியை வாங்குவார். உரிமத்தில் பெயர் மாறாது. பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் மாறிவிடுவார்.

மன்னார்த் தீவில் இல்மனைற் மணல் தேடும் உரிமங்கள் உள்ளூரில் பதிந்த கம்பனிகளின் பெயரில். அவற்றுக்கு மேலே மொரீஷியஸில் பதிந்த சிரினெல் ஹோல்டிங்ஸ். அதை வாங்கியது அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இருக்கும் டைட்டானியம் சாண்ட்ஸ். அந்தக் கம்பனிக்கும் முன்பு வேறு பெயர், வேறு கனிமம். பேசாலைக் கரையில் ஒரு பிடி மணல் நகரவில்லை. ஆனால் மணலின் எதிர்காலம் கடல் கடந்து கைமாறிவிட்டது.

இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். மன்னார் மக்கள் வீதிக்கு வந்தது சும்மா அல்ல.

பெயர் வேண்டாம், கோண்டாவில்

கே: இந்தச் சட்டத்தரணிமாருக்குக் கட்டணம் எப்படி?

ப: மணித்தியாலக் கணக்கு. அவசரம் என்று கட்சிக்காரர் சொன்னால் மணித்தியாலமும் நீளும்.

சூழலியல் ஆர்வலர், நல்லூர்

கே: பெரிய கம்பனியும் பெரிய சட்டத்தரணிகளும் சேர்ந்தால் சாதாரண சனம் வெல்லவே முடியாதா?

ப: எப்பாவலைக்குப் போய்க் கேளுங்கள். அநுராதபுர மாவட்டம். 1971இல் அங்கே பொசுபேற்றுப் படிவு இருப்பதைக் கண்டார்கள். 1990களில் அமெரிக்காவின் பிரீபோர்ட் மக்மோரானோடு 30 வருட ஒப்பந்தத்துக்கு அரசு ஆயத்தமானது. தோண்டுவது எப்பாவலையில், உர ஆலை திருகோணமலையில்.

சுற்றாடல் பரிசீலனைக்கு நாட்டில் சட்டம் இருக்க, வரைவு ஒப்பந்தம் தனக்கென்று ஒரு தனி வழியை எழுதிவைத்திருந்தது. அழகான சட்டத்தமிழில் சொன்னால் 'விசேட ஏற்பாடு'. சந்தைத்தமிழில், பின்கதவு.

ஊர் விவசாயிகளும் காணிக்காரரும் ஒரு விகாராதிபதியும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கின் பெயர் புலன்குலம. 2000 ஜூன் 2ஆம் திகதி நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு: முழுமையான ஆய்வு செய்து வெளியிட வேண்டும், சட்டப்படியான சுற்றாடல் அனுமதி பெற வேண்டும், அதுவரை ஒப்பந்தம் கிடையாது. நாட்டின் வளத்துக்கு அரசு காவலாளி, உடைமைக்காரன் அல்ல என்ற கருத்து அந்தத் தீர்ப்பு முழுக்க ஓடுகிறது. கலாவெவவில் இருந்து அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய வாய்க்காலும் அதில் பேசப்பட்டது.

இதற்கிடையில் நடந்த கூத்தைப் பாருங்கள். இங்கே வழக்குப் பேச்சே எழாத 1997 டிசம்பரில், அமெரிக்காவில் பிரீபோர்ட் மக்மோரான் நிறுவனம் ஐ.எம்.சி. குளோபலோடு இணைந்துவிட்டது. 2004இல் ஐ.எம்.சி. குளோபல், கார்கிலின் உரப் பிரிவோடு சேர்ந்து மொசைக் ஆனது. எத்தனை நூறு சட்டத்தரணிகள், எத்தனை ஆயிரம் பக்கங்கள்! எப்பாவலைக் கமக்காரர் அதே வயலில்தான்.

பொறியியலாளர், ஸ்காபரோ

கே: நிலத்துக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்று விற்கிறவர் சொன்னால் சட்டத்தரணி அதை எப்படி நம்புவது?

ப: கனடாவில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் நாட்டுப் பிரி-எக்ஸ் கதை மறந்துபோச்சா?

இந்தோனேசியாவின் புசாங் காட்டில் மலைமலையாகத் தங்கம் என்று அந்தக் கம்பனி சொன்னது. பங்கு வானத்துக்கு ஏறியது. சந்தை மதிப்பு 600 கோடி கனேடிய டொலரைத் தொட்டது. பங்காளியாக வர இருந்தது, மேலே சொன்ன அதே பிரீபோர்ட் குடும்பத்துக் கம்பனி ஒன்று. அவர்கள் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே தங்கள் செலவில் புதிய துளை போட்டார்கள். 1997 மார்ச்சில் முடிவு வந்தது: சொல்லும்படி தங்கம் இல்லை. ஆய்வுகூடத்துக்குப் போன தூளில் வெளியில் இருந்து கொண்டுவந்த பொன்துகளைக் கலந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கனடா 2001இல் 43-101 என்ற விதியைப் போட்டது. தகுதியுள்ள நிபுணர் ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்காமல் கனிம இருப்புக் கணக்கை வெளியிட முடியாது. சட்டத்தரணி எழுதும் நூறு உறுதிமொழி வசனங்களை விட ஒரு துளைக்கருவி நேர்மையானது. நல்ல சட்டத்தரணி இதை ஒப்புக்கொள்வார். கட்டணத்தைக் குறைக்க மாட்டார்.

பழைய சீமெந்துத் தொழிலாளி, காங்கேசன்துறை

கே: எங்கள் ஊரிலும் சுண்ணக்கல் சுரங்கம் இருந்ததே, அதற்குள்ளும் சட்டத்தரணி இருந்தாரா?

ப: இருந்தாரா என்றா கேட்கிறீர்கள்? வாசலே அவர்தான். குற்றவியல் வழக்கில் புகழ் பெற்ற ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் கைத்தொழில் அமைச்சரானார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி மூன்றும் அவர் காலத்துப் பேச்சு. சீமெந்து ஆலை 1950இல் ஓடத் தொடங்கி, போர் வந்து 1990இல் நின்றது. குறுக்கு விசாரணையில் சாட்சியை உடைத்தவர், இங்கே கல்லை உடைக்க வழி செய்தார்.

வங்கி ஊழியர், மானிப்பாய்

கே: புத்தளம் சீமெந்து இப்போது யாருடையது? வருடத்துக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்.

ப: அரசுடையதாகப் பிறந்தது. 1990களில் தனியாருக்கு விற்றார்கள். பாகிஸ்தான் முதலாளி வந்தார், பிறகு சுவிஸ் ஹோல்சிம் வந்தது. 2015இல் ஹோல்சிமும் பிரான்சின் லஃபார்ஜும் உலகளவில் இணைந்தன. அடுத்த வருடமே இலங்கைக் கம்பனியைத் தாய்லாந்தின் சியாம் சிற்றி சீமெந்து 37 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. மூட்டையில் இப்போது இன்சீ என்று இருக்கும்.

அருவாக்காட்டில் இருந்து சுண்ணக்கல் ஏற்றிவரும் ரயில் மட்டும் அதே தண்டவாளத்தில். அதை இணைக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது.

நொத்தாரிசு, சுன்னாகம்

கே: பங்குதாரர் ஒப்பந்தங்களில் 'ஒரு பங்காளி விற்பதென்றால் மற்றப் பங்காளிக்கே முதலில் கொடுக்க வேண்டும்' என்று ஒரு வாசகம் வருகிறது. வெள்ளைக்காரன் மூளையே மூளை, இல்லையா?

ப: ஐயா, நீங்களுமா? ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஏற்றிய தேசவழமைச் சட்டத்தில் அது இருக்கிறது. கூட்டுக் காணியில் பங்கை விற்பதென்றால் பங்காளிக்கு முன்கொள்வனவு உரிமை. அதற்கென்றே 1947இல் தனிக் கட்டளைச் சட்டம். இலண்டன் கம்பனி அந்த வசனத்துக்கு மணித்தியாலம் போட்டுப் பணம் வாங்குகிறது. நாங்கள் அதை வைத்து மூன்று தலைமுறையாக வழக்காடி, இருந்த காணியையும் ஈடு வைத்தோம். மூளையில் குறைவில்லை, கணக்கில்தான்.

கத்தரிச் செய்கையாளர், கோப்பாய்

கே: ரோயல்டி என்றால் என்ன?

ப: மருதனார்மடம் சந்தையில் பத்துக்கு ஒன்று கழிவு என்று பிடித்தார்களே, நினைவிருக்கிறதா? லாபமோ நட்டமோ, மூட்டை வந்தால் அவர்களுக்கு ஒன்று. சுரங்கத்தில் ரோயல்டியும் அப்படியே: தோண்டிய அளவுக்கோ விற்ற பெறுமதிக்கோ ஒரு வீதம், பெரும்பாலும் அரசுக்கு. சில இடங்களில் நிலத்தை முதலில் தேடிக் கண்டவருக்கும் உண்டு. கம்பனி பத்துத் தடவை கைமாறினாலும் அந்த உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். அதைக் காணத் தவறிய இளம் சட்டத்தரணி அந்த அலுவலகத்தில் அதிக காலம் இருப்பதில்லை.

பூசகர் மகன், மருதனார்மடம்

கே: எங்கள் ஆஞ்சநேயர் சஞ்சீவி மலையைத் தூக்கிவந்தது சட்டவிரோத அகழ்வா?

ப: உரிமம் இல்லை. சுற்றாடல் அறிக்கை இல்லை. கனிமம் ஏற்றும் போக்குவரத்து அனுமதியும் இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் மலையைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தார். அகழ்ந்த நிலத்தைப் பழையபடி ஆக்கும் நிபந்தனையை நூற்றுக்கு நூறு நிறைவேற்றியவர், நான் அறிந்தவரை, அவர் ஒருவரே.

ஆய்வு மாணவி, கொக்குவில்

கே: சுவிஸ் கம்பனி இரண்டு சேர்வதற்குச் சீனா ஏன் அனுமதி கொடுக்க வேண்டும்?

ப: செம்பு வாங்குகிறவர்களில் சீனா முதலாம் ஆள். உலகத்தில் எங்கே இரண்டு கம்பனி சேர்ந்தாலும் தன் சந்தையில் விலை ஏறுமென்றால் பெய்ஜிங் கையைக் காட்டும். கிளென்கோர், எக்ஸ்ட்ராட்டா இணைப்புக்கு அது போட்ட நிபந்தனை: பெருவில் இருக்கும் லாஸ் பாம்பாஸ் செம்புச் சுரங்கத்தை விற்றுவிடு.

விற்றார்கள். 2014இல் பேசிய விலை 585 கோடி டொலர். வாங்கியது யார் என்று நினைக்கிறாய்? சீன அரச கம்பனி ஒன்றின் தலைமையில் வந்த குழு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரு மலைக்கிராமத்தார், செம்பு லொறி போகும் வீதியில் குந்திவிட்டார்கள். அங்கே மறியல் முடிந்தது என்ற செய்திக்கும் தொடங்கியது என்ற செய்திக்கும் இடைவெளி குறைவு.

போட்டிப் பரீட்சை எழுதுபவர், சாவகச்சேரி

கே: இலங்கையில் இரண்டு பெரிய கம்பனி சேர்ந்து சந்தையைப் பிடித்தால் தடுக்கச் சட்டம் உண்டா?

ப: இருந்தது. 1987இல் வந்த நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இணைப்பை விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2003இல் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் வந்து அதை நீக்கியது. அந்த அதிகாரமும் கூடவே காணாமல் போனது. பாணின் நிறையைப் பார்க்க அதிகாரி வருவார். கம்பனியின் பருமனைப் பார்க்க ஆளில்லை.

சிறு முதலீட்டாளர், வெள்ளவத்தை

கே: கொழும்புப் பங்குச் சந்தையில் நான் பங்கு வைத்திருக்கும் கம்பனியைப் பெரிய கை ஒன்று வாங்கினால் என் கதி?

ப: 30 வீதத்தை நினைவில் வையுங்கள். ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டினால், 1995இன் கையேற்றல் இணைப்பு விதிக்கோவைப்படி மற்றப் பங்குதாரருக்கும் வாங்கும் விலையைச் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே 29.9 வீதத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய மனிதரைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பக்கத்தில் அவருடைய சட்டத்தரணி நிற்பார்.

லொறி உரிமையாளர், கொடிகாமம்

கே: இவ்வளவு சட்டத்தரணி, கணக்காளர், வங்கிக்காரர் இருந்தும் நட்டப்படுவார்களா?

ப: சுரங்கக் கம்பனி ரியோ ரின்ரோவைக் கேளுங்கள். 2011இல் மொசாம்பிக் நிலக்கரிக்காக ரிவர்ஸ்டேல் கம்பனியை ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு வாங்கியது. கரியைச் சம்பேசி ஆற்றில் படகில் இறக்கலாம் என்று கணக்கு. அரசு ஆற்றைத் தர மறுத்தது. ரயில் பாதை போதாது. 2014இல் இந்தியப் பொதுத்துறைக் கம்பனிகளின் கூட்டு ஒன்று அந்தச் சுரங்கங்களை வாங்கிய விலை 5 கோடி டொலர்.

உங்களிடம் கேட்டிருந்தால் ஒரே கேள்வியில் முடித்திருப்பீர்கள்: சாமான் சரி, ஏற்றி இறக்க ரோட்டு எங்கே?

ரியோவின் தலைமை நிர்வாகி ரொம் அல்பனீஸ் 2013இல் கதிரையை விட்டார். அடுத்த வருடம் வேதாந்தா என்ற இன்னொரு சுரங்கக் கம்பனியின் கதிரையில் அமர்ந்தார். மேல்மாடியில் இருப்பவர்களுக்குக் கீழே விழுந்தாலும் மெத்தை.

கடலோடி, வல்வெட்டித்துறை

கே: வேதாந்தா என்றதும் தூத்துக்குடி நினைவு வருகிறது. அதுவும் இணைப்பில் வந்ததா?

ப: அது இணைப்பில்தான் கலந்தது. செசா கோவா, ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ் இரண்டும் 2013இல் ஒன்றாயின. ஒரு கம்பனிக்காகக் கோவாவில் இருக்கும் மும்பை உயர் நீதிமன்றக் கிளை ஒப்புதல் கொடுத்தது, மற்றதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம். 2015இல் பெயர் வேதாந்தா லிமிட்டட். ஸ்டெர்லைட்டின் செம்பு உருக்காலை தூத்துக்குடியிலேயே நின்றது.

2018 மே 22இல் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மீது பொலிஸ் சுட்டது; 13 பேர் செத்தார்கள். ஆலையை மூடினார்கள். திறக்கக் கேட்ட மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் தள்ளியது.

இணைப்புத் திட்டத்துக்குப் பங்குதாரரும் கடன் கொடுத்தவரும் கை தூக்கி, நீதிமன்றமும் தலையாட்டினால் போதும். புகையைச் சுவாசிக்கிறவரிடம் கேட்கும் பிரிவு எந்தக் கம்பனிச் சட்டத்திலும் இல்லை. இந்தப் பதிலில் பகிடி இல்லை, மன்னியுங்கள்.

தண்ணீர்க் குழு உறுப்பினர், சுன்னாகம்

கே: மகன் கம்பனி கிணற்றைக் கெடுத்தால் தாய்க் கம்பனியைப் பிடிக்க முடியாது என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். உண்மையா?

ப: 2019 ஏப்ரலுக்கு முன் படித்தவராக இருக்கும். சாம்பியாவின் சிங்கோலாப் பக்கத்து ஊரவர் 1,826 பேர், கொன்கோலா செம்புச் சுரங்கம் தங்கள் ஆற்றைக் கெடுத்தது என்று இலண்டனில் வழக்குப் போட்டார்கள். சுரங்கத்தின் தாய்க் கம்பனி வேதாந்தா. 'அது வேறு கம்பனி, நாங்கள் வேறு' என்றார்கள். மகன் கம்பனியின் வேலையில் தாய் தலையிட்டிருந்தால் தாய்க்கும் கடமை வரலாம், வழக்கு இங்கேயே நடக்கலாம் என்றது பிரித்தானிய உச்ச நீதிமன்றம்.

அதே 2019 ஏப்ரலில் எங்கள் உயர் நீதிமன்றம் என்ன செய்தது என்று சுன்னாகத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிணற்றில் எண்ணெய் கலந்த வழக்கில் மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. கம்பனி வாங்கித் தரும் சட்டத்தரணிகள் இப்போது உறுதிப் பெட்டிக்கு முதல் கிணற்று நீரின் ஆய்வறிக்கையைக் கேட்கிறார்கள். கேட்கப் பழக்கியவை சிங்கோலா, சுன்னாகம் போன்ற ஊர்கள்.

பேத்திக்காகப் பயப்படும் அம்மம்மா, அளவெட்டி

கே: பொம்பிளைப் பிள்ளை சுரங்கம் குரங்கம் என்று அலையலாமோ, தம்பி?

ப: அம்மா, பெண்கள் நிலக்கீழ்ச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்யக் கூடாது என்று இலங்கையில் 1937இலேயே சட்டம் போட்டார்கள். சட்டத்தரணிக்கு அது இடைஞ்சல் இல்லை; அவள் இறங்குவது கோப்புக்குள். ஆங்கிலோ அமெரிக்கன் என்ற பெரிய சுரங்கக் கம்பனியை 2007 முதல் 2013 வரை நடத்தியவர் சிந்தியா கரோல் என்ற பெண். படித்தது புவிச்சரிதவியல். பேத்தியை விடுங்கள், அவள் உங்களை விமானத்தில் ஏற்றுவாள்.

பங்குச் சந்தைப் பைத்தியம், மெல்பேர்ண்

கே: எங்கள் சுரங்கக் கம்பனி பி.எச்.பி. ஏன் ஆங்கிலோ அமெரிக்கனை வாங்க முடியாமல் நிற்கிறது?

ப: 2008இல் ரியோ ரின்ரோவை வாங்கப் போய்த் திரும்பி வந்தது. 2024இல் ஆங்கிலோவுக்கு 3,800 கோடி பவுணுக்கு மேல் சொன்னது, ஆங்கிலோ அசையவில்லை. 2025 செப்டம்பரில் ஆங்கிலோ, கனடாவின் டெக்கோடு இணையப் போகிறேன் என்று அறிவித்தது. எல்லோருக்கும் செம்பு ஆசை. புதிய சுரங்கம் தோண்டப் பத்து, பதினைந்து வருடம். பக்கத்துக் கம்பனியை வாங்க ஒன்றிரண்டு வருடம். இந்தத் தொழில் இருப்பதே அந்த வித்தியாசத்தில்தான்.

பெற்றோர், ஹரோ

கே: மகனை இலண்டனில் இந்தத் துறைக்கு எப்படி விடுவது?

ப: இங்கிலாந்தில் 2021 முதல் எஸ்.கியூ.ஈ. பரீட்சை, கூடவே இரண்டு வருட வேலை அனுபவம். சுரங்கப் பணம் உறங்கும் ஊர்கள் இலண்டன், ரொறன்ரோ, பேர்த். இரவில் உங்கள் மகன் உறங்க மாட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிருந்து போக விரும்பும் பிள்ளைகளுக்கு: முதலில் கொழும்புச் சட்டக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தை மனப்பாடம் ஆகும் வரை படியுங்கள். நீதிமன்றம் போகாமலே இரண்டு கம்பனியை ஒன்றாக்கும் வழி அதில் இருக்கிறது. இந்த நாட்டுக் கம்பனிச் சட்டம் என்றால் ஜனாதிபதி சட்டத்தரணி கனக ஈஸ்வரன் பெயரைத் தவிர்க்க முடியாது; தமிழ்ப் பெயர்தான். கூடவே ஒரு புவிச்சரிதவியல் பாடம் எடுங்கள். கல்லைத் தெரியாத சுரங்கச் சட்டத்தரணியைக் கல்லே ஏமாற்றும்.

அதே உயர்தர மாணவி, உடுவில்

கே: மாமா, எல்லாம் வாசித்தேன். இது பாவத் தொழிலா?

ப: உன் கைத்தொலைபேசிக்குள் செம்பு இருக்கிறது, வீட்டுச் சுவரின் வெள்ளைப் பூச்சில் மன்னார், புல்மோட்டை மாதிரி ஒரு கரையின் இல்மனைற் இருக்கிறது. ஆகவே தோண்டாதே என்று நான் சொல்ல மாட்டேன். யாரைக் கேட்டுத் தோண்டுகிறாய் என்று கேட்பேன். எந்தப் பக்கம் அமர்ந்தாலும் கட்சிக்காரருக்குப் பிடிக்காத பக்கத்தை வாசித்துக் காட்டத் துணிவிருந்தால் படி. இல்லையென்றால் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பி; அங்கேயும் வாசிக்கத் துணிவு வேண்டும்.

ஆசிரியை, தலைமன்னார்

கே: வழக்குப் போட எங்களிடம் பணம் இல்லை. நாங்கள் செய்யக்கூடியது என்ன?

ப: இரண்டு காரியம், இரண்டும் கடிதச் செலவோடு முடியும். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேசத்தில் யாருக்கு எந்த உரிமம், எந்தத் திகதி வரை என்று புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தால் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. கோவிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் அறிவித்து, ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அது ஒரு கடிதம். நூறு பேர் நூறு கடிதம் எழுதினால் நூறு கடிதத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய தலைவலி அவர்களுக்கு.

அடுத்த இதழில் வழக்கமான கலவைக் கேள்விகள். வேலியும் கதியாலும் சம்பந்தப்பட்ட எல்லைப் பிணக்குகளை மாமா ஏற்பதில்லை. அவற்றுக்கு மல்லாகம் நீதிமன்றம் இருக்கிறது.